ஏழாவது பாட்டு ஏன் இல்லை

எங்கள் ராக் ஓபராவை இணையத்தில் கேட்டவர்கள் எழுதுகிற முதல் கேள்வி ஒன்றுதான். ஆறாவது பாட்டு முடிந்ததும் எட்டாவது வருகிறதே, ஏழாவது எங்கே? சிலர் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள். ஒருவர் கோபமாகவே எழுதியிருந்தார்: கதாநாயகியை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள், அடுத்த பாட்டில் மெஷினோடு பேசிக்கொண்டிருக்கிறாள், நடுவில் அவள் வாயைத் திறந்து ஒரு சத்தமாவது போடமாட்டாளா என்று. நியாயமான கோபம். அந்தச் சத்தம்தான் ஏழாவது பாட்டு. அதைப் பாடியவள் நான். எடுத்துவிடச் சொன்னவளும் நான்தான். காரணம் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. அவளுக்கு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நாங்கள் இருப்பது லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். வீட்டுக்காரர் டவுனில் ஒரு சவுண்ட் சிஸ்டம் கடையில் வேலை செய்கிறார். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிற கடை. குடியிருப்பது மாமியார் கொழுந்து பறித்த காலத்தில் கிடைத்த லயக் காம்பராவில். ஒரே தகரக் கூரை, அதன் கீழே வரிசையாக வீடுகள், அதுதான் லயம்; ஒவ்வொரு வீடும் ஒரு காம்பரா. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது, ஆனால் அது கூரையைத் தொடாது. மேலே ஒரு முழத்துக்கு வெறும் இடைவெளி. யார் வீட்டில் கருவாடு, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் எல்லாருக்கும் தெரியவரும்.

அந்த வீட்டில் ராக் ஓபரா என்றால் சிரிப்பு வரும். முழுக் கதையையும் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துப் பாட்டாகவே சொல்லி முடிப்பது, அவ்வளவுதான் அது. காமன் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன புதுமை, கரண்ட் மட்டும்தான் புதுசு என்பார் வீட்டுக்காரர். கதை அவருடையது. ஒரு தேயிலைத் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள். கடைசி நாளில், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமலே துரை கதவைப் பூட்டச் சொல்லிவிடுகிறார். ஒரு பெண் உள்ளே மாட்டிக்கொள்கிறாள். கத்துகிறாள், யாரும் வரவில்லை. பிறகு மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கண்விழித்து அவளோடு பேசுகின்றன. ரோலருக்கு ஒரு குரல், டிரையருக்கு ஒரு குரல், சல்லடைக்கு ஒரு குரல். இதை அவர் முதல் தடவை சொன்னபோது, காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

துரையாகப் பாடியவர் பதுளையில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி. கோயிலுக்கு ஸ்பீக்கர் கட்டப் போன இடத்தில், பஜனை பாடிக்கொண்டிருந்தவரை வீட்டுக்காரர் பேசிப் பேசியே வளைத்துப் போட்டார். அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். ஆளோ கூட்டத்தில் யாராவது அவர் காலை மிதித்தாலும் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம். "பூட்டடா கதவை" என்று இடி மாதிரிப் பாடி முடித்த கையோடு என் பக்கம் திரும்பி, "குறை நினைக்காதேங்கோ அக்கா, பாட்டுக்குத்தானே" என்பார். கிட்டார் வாசித்தது பசறையில் திரீவீல் ஓட்டுகிற ஒரு சிங்களப் பையன். எங்கள் எல்லாருக்கும் அவர் மல்லி, சிங்களத்தில் தம்பி. தமிழ்ப் பாட்டு வரிகளைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ரோலராகவும் சல்லடையாகவும் அவர்தான் பாடினார். மெஷினுக்கு எந்த ஊர்த் தமிழ் வந்தால் என்ன என்று விட்டுவிட்டோம். சனிக்கிழமைகளில் பதுளையில் பேங்க் தம்பியின் அறையில் கூடுவோம். மல்லி அங்கே வந்ததும் முதலில் கேட்பது, "அக்கா, இன்னைக்கி சோறு கொண்டு வந்ததா?"

கதாநாயகி நான். குரல் உண்டு எனக்கு, அதில் பொய்யடக்கம் வேண்டாம். ஆனால் வெட்கம் அதைவிடப் பெரியது. முன்பள்ளி டீச்சர் என்றால் லயத்தில் ஒரு மரியாதை. சின்னப் பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லப் பழக்குகிறவள் டவுனில் கிட்டார்க்காரர்களோடு கத்திப் பாடுகிறாள் என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். அதனால் லயத்தில் யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று ஆரம்பத்திலேயே வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை பதுளைக்குப் போவது டீச்சர்மாருக்கான வகுப்பு என்று சொல்லி வைத்திருந்தேன். வீட்டில் என் பாட்டுகளைப் பதிவு செய்வது, முன்பள்ளி முடிந்து, அவருக்குக் கடையில் வேலை இல்லாத நாட்களில், லயமே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருக்கிற பகல் வேளையில்தான். மாமியாருக்குத் தோட்டத்தில் கொடுத்த கம்பளிகளைச் சுவரெல்லாம் தொங்கவிட்டு, ஜன்னலுக்கு முட்டை மட்டையை அடைத்து, நடுவில் நான் வேர்த்து விறுவிறுத்து நிற்பேன்.

ஒருநாள் அப்படிப் பாடிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காம்பராவில் சத்தம் கேட்டது. அக்காவின் புருஷனுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் இடி விழுந்தாலும் எழும்பாமல் தூங்குவான். கசிப்புச் சாராயம் போட்டால் மட்டும் தூங்கமாட்டான். பகல் சாப்பாட்டுக்கு இறங்கி வந்த அக்கா அகப்பட்டுக்கொண்டாள். நல்லபடியாகப் பாடி வந்த ஒரு பதிவு அதனால் கெட்டது. "சரி, இன்னைக்கு இது வேலைக்காகாது" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தது நான். வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அக்காவின் குரல் விழுந்த இடங்களைத் தேடித் தேடி அழித்தார். பாட்டு சுத்தமாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். அன்றைக்கு எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

மற்ற எல்லாப் பாட்டும் முடிந்து ஏழாவது மட்டும் நின்றது. நாள் கணக்கில் விடாத மழை. தகரத்தில் மழை விழும்போது ஒன்றும் பதிய முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. லயத்தில் எல்லாரும் வீட்டில் இருக்கிற நாள்தான். ஆனால் மறுபடி மழை வந்துவிடும் என்று வீட்டுக்காரர் பறந்தார். சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று கதவைச் சாத்தினோம்.

இந்த இடத்தில் பதிவு வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிரம்ஸ், கிட்டார் எல்லாம் ஏற்கனவே கம்ப்யூட்டரில் இருந்தன. அது எங்கள் இரண்டு பேர் காதிலும் ஹெட்போன் வழியாக முழங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது பெரிய மேடை. வெளியே போனது என் குரல் மட்டும். பாட்டு என்று சொன்னேனே தவிர, ஏழாவதில் ராகம் கிடையாது. "கதவத் தொறங்க! மூச்சு முட்டுது! யாராவது வாங்க!" என்று ஒரு பெண் கத்திக் கத்திக் குரல் உடைந்து போவதுதான் அது. காதை அடைத்துக்கொண்டவர்கள் தங்களுக்குத் தெரியாமலே உரக்கப் பேசுவார்கள். வீட்டுக்காரர் அப்படித்தான் பேசினார்.

"பத்தாது! இன்னும் கத்து!"

கத்தினேன்.

"அழுகை வரல. திருப்பி!"

திருப்பிக் கத்தினேன்.

"என்னா இது, நாடகம் மாதிரி இருக்கு. நெசமா அழு! விடமாட்டேன், நீ அழுற வரைக்கும் விடமாட்டேன்!"

கடைசியில் நிஜமாகவே அழுதுவிட்டேன். தொண்டை கிழிந்து, முகமெல்லாம் வீங்கி, தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அவர் துள்ளிக் குதித்தார். கதவைத் திறந்துகொண்டு நான் முன் திண்ணைக்கு, இஸ்தோப்புக்கு, வந்து தண்ணீர் குடித்தேன். லயம் முழுவதும் இஸ்தோப்பில்தான் இருந்தது. ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எதிரே கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த பெண் கையில் இருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் வெயில் தூக்கம் போல என்று நினைத்தேன். என் மரமண்டைக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை குடத்தோடு பீலிக்குப் போனபோதுதான் உறைத்தது. பீலி என்பது மலைத் தண்ணீரைக் குழாய் போட்டு இறக்கியிருக்கிற இடம். லயத்துக்கே அது ஒன்றுதான், எப்போதும் வரிசை. அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருத்தி வரும்போது மற்றவர்கள் பேசாமல் குடத்தை நகர்த்தி அவளை முன்னால் விட்டால், அவள் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முந்தின நாள் அவள் அடி வாங்கியிருக்க வேண்டும். காரணம் பேசமாட்டோம். குடத்தை நகர்த்துவோம், அவ்வளவுதான். பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு நானே எத்தனையோ தடவை நகர்த்தியிருக்கிறேன். நகர்த்திவிட்டு, பெரிய உபகாரம் செய்தவள் போல வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

அன்று எனக்கு முன்னால் நின்ற குடங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. "டீச்சர், நீங்க பிடிங்க" என்றாள் ஒருத்தி, தரையைப் பார்த்தபடி.

"ஐயோ, அதெல்லாம் இல்ல. நேத்து அது பாட்டு" என்றேன். நாய் குரைப்பது போலத்தான் சத்தம் வந்தது, குரல் கட்டியிருந்தது.

"ஆமாங்க டீச்சர், பாட்டுதான்" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். வேறொருத்தி பெருமூச்சு விட்டாள். வழுக்கி விழுந்தேன், மாடு முட்டியது, கதவு இடித்தது என்று எத்தனையோ கேட்ட கூட்டம் அது. நேற்றுப் பாடினேன் என்று சொன்னது அந்த வரிசையில் இன்னொன்றாகச் சேர்ந்துகொண்டது. குடம் நிரம்புகிற வரைக்கும் அத்தனை பேருக்கும் முன்னால் நான் நின்றேன். அவமானம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டுக்காரர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு நாளில் அவர் சிரிப்பு நின்றது. அவருக்கு வந்த மரியாதையே வேறு. இதுவரை அவரைக் கண்டுகொள்ளாத ஆம்பிளைகள் இடம் விட்டு உட்காரச் சொன்னார்கள். அக்காவின் புருஷன் கோயில் வாசலில் அவர் தோளில் கை போட்டு, "வைக்க வேண்டிய எடத்துல வச்சாத்தான் மச்சான் சரிவரும். நீ பேசாம இருக்கியேன்னு நெனச்சேன், பரவால்ல" என்றானாம். இவர் வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைக் கழற்றித் தண்ணீரில் போட்டார்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், அவர் கடையிலிருந்து வருவதற்கு முன்னால், அக்கா வந்தாள். துணியில் கல்லுப்பைக் கட்டி, சட்டியில் சூடாக்கிக் கொண்டுவந்திருந்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. டீச்சர் என்று கூப்பிட்டு, வாசலோடு பேசிவிட்டுப் போவாள். அன்று கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"எங்க தங்கச்சி வலிக்குது? தோளா?"

அக்கா, எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வாய் வரை வந்தது. அதற்குள் அவள் ஒத்தடத்தை என் தோளில் வைத்துவிட்டாள். வலியே இல்லாத தோள். சூடு இதமாக இருந்தது. தங்கச்சி என்ற சொல்லும் இதமாக இருந்தது. தோளை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தேன்.

அவள் பேசினாள். கல்யாணமான காலத்திலிருந்து யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். தோட்டத்து மருந்து வீட்டில், பீலியில் வழுக்கி விழுந்தேன் என்று அவள் சொன்ன கை முறிவு எப்படி வந்தது என்று சொன்னாள். காது ஒன்று சரியாகக் கேட்காததற்குக் காரணம் சொன்னாள். ஹல்துமுல்லையில் அவளுடைய தங்கச்சி இருக்கிறாளாம், எப்போது வேண்டுமானாலும் வா என்கிறாளாம். மாற்று உடுப்பை ஒரு பையில் கட்டி விறகு அடுக்குக்குப் பின்னால் வைத்திருக்கிறாளாம்.

"பொலிஸுக்குப் போகாம கெளம்பினா அவன் அங்கயும் வந்துருவான். நான் ஒருத்தி போயி சொன்னா, குடும்பச் சண்டைன்னு திருப்பி அனுப்பிருவாங்க. எனக்குப் பேசவும் வராது. நீங்க டீச்சர். நீங்களும் வந்து ஒங்க கதையச் சொன்னா, அப்படியே எங்கதையையும் கேப்பாங்க. கோயில் தேரு முடியட்டும். மறுநாளு ரெண்டு பேருமாப் போயிருவோம். என்னா தங்கச்சி?"

என் கதை என்று எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்குத் துணையாகப் போவதற்கு எனக்கு ஒரு கதை வேண்டியதும் இல்லை. அடி வாங்காதவளும் பொலிஸுக்குப் போகலாம், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து காதால் கேட்டதைச் சொல்லலாம். இத்தனை வருஷத்தில் என்றைக்கோ சொல்லியிருக்கலாம். இது எனக்கு அந்தப் பாயிலேயே தோன்றியது. ஆனால் உண்மையைச் சொன்னால் அவள் இவ்வளவு நேரம் திறந்து காட்டியதை என்ன செய்வாள், எந்த முகத்தோடு எழுந்து போவாள் என்று பயந்தேன். "பார்ப்போம்க்கா" என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். போகும்போது உப்பு மூட்டையை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள், மறுபடி சூடாக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி.

தேருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் போட்டுக் காட்டிவிடுவது என்று வீட்டுக்காரர் முடிவு செய்தார். கடையில் இருந்து பெரிய ஸ்பீக்கர் இரண்டைக் கேட்டு வாங்கியாயிற்று. பேங்க் தம்பிக்கும் மல்லிக்கும் சொல்லியாயிற்று. அவரைக் குறை சொல்லமாட்டேன். பொண்டாட்டியை அடிக்கிறவன் என்ற பெயரோடு அவர் தினமும் அந்த இஸ்தோப்பைத் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. "இப்பிடியே விட்டா நான் செத்தாலும் இதத்தான் சொல்வாங்க" என்றார். அக்காவிடம் மட்டும் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன், பொறுங்கள் என்றேன்.

போனேன். அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். "என்ன தங்கச்சி?" என்று அவள் கண்ணால் சிரித்தாள், எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு. "ஒண்ணுமில்லக்கா, பாட்டு போடப் போறாங்க, வாங்க" என்றேன். அவனுக்கு எதிரில் எதைச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளை வெளியே கூப்பிட்டிருக்கலாம், கொஞ்சம் மாவு கொடுங்கள் என்று சாக்குச் சொல்லியிருக்கலாம், நாளைக்கு வையுங்கள் என்று வீட்டுக்காரரைத் தடுத்திருக்கலாம். உண்மை என்னவென்றால், பீலியில் குடங்கள் நகர்வதை இன்னொரு காலை பார்க்க என்னால் முடியாது. அடி வாங்குகிறவள் என்று ஊர் நினைப்பது எனக்கு அவ்வளவு கேவலமாக இருந்தது. அக்கா அதை வருஷக்கணக்காகச் சுமந்தாள். எனக்கு ஒரு மாதத்துக்கு முடியவில்லை. திரும்பி வந்து, "போடுங்க" என்றேன்.

லயமே கூடியிருந்தது. முதல் பாட்டிலிருந்தே எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. மெஷின் சத்தத்தைக் கேட்டு, "நம்ம ரோலருதான்டா" என்று தொழிற்சாலை ஆட்கள் கூவினார்கள். துரையின் குரல் வந்ததும் யாரோ ஒருவர் கேட்டார், யார் இது என்று. பேங்க் தம்பி வெட்கத்தோடு கையைத் தூக்க, ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். தம்பி, "ஐயோ, இருங்கோ ஐயா, இருங்கோ" என்று பதறினார். நான் பாடுகிறேன் என்பது தெரிந்ததும் யாரும் என்னைக் கேவலமாகப் பார்க்கவில்லை. டீச்சருக்கு என்னா கொரலு என்றார்கள். எதற்காக இத்தனை நாள் ஒளித்தேன் என்று இருந்தது.

பிறகு ஏழாவது வந்தது. டிரம்ஸ் முழங்க, மல்லியின் கிட்டார் கிறீச்சிட, "கதவத் தொறங்க!" என்று என் குரல் மலை முழுக்க எதிரொலித்தது. ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டார். "அட, இதானா அன்னிக்கு!" அவ்வளவுதான், சிரிப்பு பற்றிக்கொண்டது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "நாங்க என்னமோ ஏதோன்னு, டீச்சர்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், பீலியில் என்னை முன்னால் விட்டவள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்காரரின் முதுகில் தட்டினார். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. என் நெஞ்சில் இருந்தும் ஒரு பாரம் இறங்கியது. அந்த ஒரு நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கப் போவதில்லை.

அக்கா தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றிருந்தாள். எல்லாரும் சிரித்து ஓய்கிற நேரத்தில் அவளும் சிரித்தாள். கோப்பையைச் சுவர்மேல் வைத்தாள். என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வழி தவறி வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர்கள் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தேர் வந்தது, போனது. மறுநாள் காலையில் நான் உடுத்திக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். "வாங்கக்கா, நான் வாறேன், என் காதால கேட்டதச் சொல்றேன்" என்றேன். அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகுது என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறிப் போனாள். அடுத்தடுத்த நாளும் போனேன். அதே பதில்தான். விறகு அடுக்குக்குப் பின்னால் அந்தப் பை இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் சாய்கிற நேரம், சுவருக்கு மேலே இருக்கும் அந்த இடைவெளி வழியாக அவள் குரல் வந்தது. ஒரு பாத்திரம் உருண்டது. அவன் திட்டுவது கேட்டது. பிறகு அவள் கத்தினாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்த கையோடு வெளியே ஓடி அவள் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அறைந்தேன்.

"கதவத் தொறங்கக்கா! கதவத் தொறங்க! யாராவது வாங்க!"

இஸ்தோப்பில் எல்லாரும் இருந்தார்கள். திரும்பிப் பார்த்தார்கள். நாலாவது வீட்டிலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல், "அங்கயும் பாட்டு எடுக்குறாங்களா டீச்சர்?" என்றது. யாரோ சிரித்தார்கள். ஒருவர் கை தட்டவும் செய்தார். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அதே வார்த்தைகள், அதே குரல். உள்ளே என்னவோ சாய்ந்து விழுந்தது. என் பின்னால் வீட்டுக்காரர் ஓடி வந்து தோளால் கதவை இடித்தார்.

கதவு திறந்தது. திறந்தது அக்காதான். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். எனக்குப் பின்னால் லயத்தையே ஒரு தடவை பார்த்தாள், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஒண்ணுமில்லங்க டீச்சர். பாட்டுதான் படிச்சேன்."